கைக்கு வராத கோட்டை

1897-ஆம் ஆண்டில், அயர்லாந்தில் பிறந்த பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’ என்னும் நாவல் லண்டனில் வெளியாயிற்று. கார்பேத்திய மலைகளின் நடுவே பாழடைந்த கோட்டையொன்றில் வாழ்ந்துகொண்டு, மனித இரத்தத்தைத் தேடி இரவில் அலையும் ஒரு பிரபுவையும், அவனை வேட்டையாட ஒன்றுகூடிய ஒரு சிறு குழுவையும் பற்றிய அந்தக் கதை, நாடகமாகவும் சினிமாவாகவும் சித்திரக் கதையாகவும் பல ஜன்மங்கள் எடுத்து, சரியாக நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1997 மார்ச்சு மாதத்தில், ‘காசில்வேனியா: சிம்ஃபனி ஆஃப் தி நைட்’ என்று பின்னர் உலகம் அறிந்துகொண்ட, பிளேஸ்டேஷன் என்னும் யந்திரத்துக்குரிய ஒரு வீடியோ விளையாட்டாக ஜப்பானில் வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில், டைகர் எலக்ட்ரானிக்ஸ் என்னும் பொம்மைக் கம்பெனி, கையில் ஏந்தி விளையாடத்தக்க ஒரு யந்திரத்தைக் கடைகளுக்கு அனுப்பியது. அந்தச் சின்னஞ்சிறு யந்திரத்திற்கும் இந்தக் கோட்டை வரப்போகிறது என்று அறிவிக்கவும் செய்தது. கோட்டை வரவில்லை. வராமற்போன அந்த விளையாட்டைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறேன். ஒரு கலைப்படைப்பை ஒரு யந்திரத்திலிருந்து பிடுங்கி இன்னொரு யந்திரத்தில் நடும்போது அதன் பிராணன் எங்கே இருக்கிறது என்னும் கேள்வி, நிறைவேறிய முயற்சிகளைக் காட்டிலும் கைவிடப்பட்ட இந்த முயற்சியிலேதான் எனக்குத் தெளிவாகப் புலப்படுகிறது.

முதலில் மூலப் படைப்பைச் சிறிது விரிவாகப் பார்த்துவிட வேண்டும். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1986-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய விளையாட்டு வரிசை இது. பெல்மாண்ட் என்னும் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஒரு மந்திரச் சாட்டையைக் கையில் ஏந்தி, டிராகுலா உயிர்த்தெழும்போதெல்லாம் அவன் கோட்டைக்குள் புகுந்து அவனை அழிப்பார்கள்; இவ்வளவுதான் கதை. தளத்திலிருந்து தளத்திற்குத் தாவியும், படிக்கட்டுகளில் ஏறி இறங்கியும், எதிர்ப்படும் எலும்புக்கூடுகளையும் வௌவால்களையும் சாட்டையால் அடித்து வீழ்த்தியும், கட்டம் கட்டமாக முன்னேற வேண்டும். முதல் ஆக்கத்தில் காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால் நடு ஆகாயத்தில் மனத்தை மாற்றிக்கொள்ள இடமில்லை. எனவே ஒவ்வொரு தாவலும் முன்கூட்டியே எண்ணித் துணிய வேண்டிய கருமமாக இருந்தது. தேர்ந்த ஆட்டக்காரர் சில மணி நேரத்தில் முடித்துவிடுவார். தேர்ச்சியில்லாதவர் மூன்றாம் கட்டத்திலேயே சலித்து வைத்துவிடுவார்.

இந்த வரிசையின் ஆக்கங்கள் கடைகளில் மலிவு விலைக் கூடைகளுக்குள் போய்ச் சேர்வதைக் கண்ட கோஜி இகராஷி என்னும் இளைஞர், விளையாடுகிறவன் நெடுநாள் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்பும்படியான ஒன்றைச் செய்ய வேண்டும் என்று எண்ணியதாகப் பின்னாளில் பேட்டிகளில் கூறியிருக்கிறார். ஹாகிஹாரா தோரு இயக்குநர். இகராஷி உதவி இயக்குநர், நிரல் எழுதுவோரில் ஒருவர், கதையிலும் பங்குகொண்டவர். மிச்சிரு யமானே சங்கீதம் அமைத்தார். அயாமி கோஜிமா, அதுவரை இந்த வரிசையில் எவரும் காட்டியிராத ஒரு மெல்லிய சோகத்தோடு பாத்திரங்களைச் சித்திரித்தார். இவர்களுடைய கூட்டு முயற்சியில், கட்டங்களின் வரிசை மறைந்து, கோட்டை முழுவதும் ஒரே இடமாக, ஒன்றோடொன்று இணைந்த நூற்றுக்கணக்கான அறைகளாக மாறியது.

கதாநாயகனும் மாறினான். சாட்டை ஏந்திய பெல்மாண்டுக்குப் பதிலாக, டிராகுலாவுக்கும் ஒரு மானிடப் பெண்ணுக்கும் பிறந்த அலுகார்டு என்பவன் தன் தந்தையின் கோட்டைக்குள் நுழைகிறான். மிக உயர்ந்த வாளும் கவசமும் பூண்டு, எதிர்ப்பட்டவற்றையெல்லாம் ஒரே வீச்சில் வீழ்த்திக்கொண்டு கம்பீரமாக ஓடி வருகிறவனை, சிறிது தூரத்திலேயே மரணதேவன் மறித்து, அந்த ஆயுதங்கள் அத்தனையையும் பறித்துக்கொண்டு மறைந்துவிடுகிறான். அந்தக் கணம் முதல் ஆட்டக்காரருக்கு உண்மையான பிரவேசம் தொடங்குகிறது. இப்போது ஏற முடியாத மாடம் ஒன்று கண்ணில் படும். கடக்க முடியாத கம்பிக் கதவு ஒன்று வழியை அடைக்கும். அவற்றை நினைவில் வைத்துக்கொண்டு வேறு திசையில் போக வேண்டும். நெடுநேரம் கழித்து, இருமுறை தாவும் சக்தியோ, வௌவாலாக உருமாறும் வித்தையோ, பனிமூட்டமாகக் கரைந்து கம்பிகளின் ஊடே நுழையும் ஆற்றலோ கைவந்ததும், முன்பு கைவிட்ட அந்த மூலைக்குத் திரும்பி வந்து, அங்கே ஒரு புதிய பாதை திறப்பதைக் காணும்போது உண்டாகும் ஆனந்தம் தனிப்பட்டது. மனிதனுக்கு ஓர் இடத்தின் மீது ஏற்படும் பரிச்சயம் என்பது பெரும்பாலும் திரும்பி வருவதால் ஏற்படுவதுதான் அல்லவா? அந்தப் பரிச்சயத்தையே விளையாட்டின் சாரமாக்கியதில் இருக்கிறது இவர்களுடைய மேதை.

அந்தக் கோட்டையின் அந்தரங்கமான சில காட்சிகளைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. வழிபாட்டுக் கூடத்தில் பாவமன்னிப்பு கேட்கும் சிற்றறை ஒன்று இருக்கிறது. அங்கே நாற்காலியில் அலுகார்டை உட்கார வைத்தால், எதிர்ப்புறம் ஓர் ஆவி வந்து அமர்கிறது. வெளிச்சுவரில் ஒரு தூரதரிசனக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் தொலைவில் படகோட்டி ஒருவன் தெரிகிறான். இவற்றால் எந்தச் சக்தியும் கூடுவதில்லை. வெற்றிக்கு இவை தேவையும் இல்லை. ஆயினும் செய்தவர்கள் அந்த இடத்தை உண்மையிலேயே நேசித்தார்கள் என்பதற்கு இவை சாட்சி. நூல்நிலையத்தில் பழங்காலத்து ஹார்ப்சிகார்டின் நாதம். வேறொரு பகுதியில் ராக் சங்கீதம். மற்றொரு பகுதியில் சோகம் ததும்பும் மெல்லிசை. அலுகார்டு நடக்கும்போது அவனுடைய மேலங்கி அலைபோல் அசைகிறது. ஓடும்போது அவன் நிழலுருக்கள் சில பின்னால் தேய்ந்து மறைகின்றன. கோட்டையில் நடக்கும் சூழ்ச்சிக்குப் பின்னணியில் இருப்பவன் யார் என்பதைக் கண்டறிந்தவருக்கு மாத்திரம், கோட்டை முழுவதும் தலைகீழாகக் கவிழ்ந்து, ஆகாயத்தில் இரண்டாவது கோட்டையாகத் தோன்றுகிறது. கூரை தரையாகவும் தரை கூரையாகவும் மாறிய அந்த இடத்தில் முழுப் பிரயாணத்தையும் மறுபடி செய்ய வேண்டும். வரைபடத்தை நிரப்பும் கணக்கு நூறு சதவிகிதத்தோடு நில்லாமல் 200.6 வரை செல்லும்.

இத்தகைய ஒன்றை வேறொரு யந்திரத்திற்கு மாற்றி அமைப்பதைத் தொழில்முறையில் ‘போர்ட்’ செய்வது என்பார்கள். பார்ப்பதற்கு நகல் எடுப்பது போன்ற எளிய காரியமாகத் தோன்றினாலும், உண்மை அப்படியன்று. அந்நாளில் ஒரு யந்திரத்துக்கென்று எழுதிய நிரல், அந்த யந்திரத்தின் நரம்புகளோடு பின்னிப் பிணைந்து கிடக்கும்; எத்தனை உருவங்களை ஒரே சமயத்தில் திரையில் நிறுத்தலாம், எத்தனை வர்ணங்களைத் தீட்டலாம், எத்தனை ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்யலாம் என்பவையெல்லாம் அந்தந்தச் சில்லுகள் விதிக்கும் கட்டளைகள். யந்திரம் மாறினால், எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று ஒவ்வோர் அங்குலத்திலும் யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும்.

சேகாவின் சாட்டர்ன் என்னும் யந்திரத்திற்கு 1998-இல் கொனாமியே செய்து ஜப்பானில் வெளியிட்ட மாற்றுப் பதிப்பு இதற்குச் சரியான உதாரணம். சாட்டர்னும் 32-பிட் யந்திரம், குறுந்தகட்டில் இயங்குவது, பிளேஸ்டேஷனின் தலைமுறையைச் சேர்ந்தது. மரியா என்னும் பெண்ணை ஆரம்பத்திலிருந்தே ஆட்டக்காரர் இயக்கலாம் என்றும், புதிய பகுதிகள் உண்டு என்றும் சலுகைகள் சேர்க்கப்பட்டன. இருந்தும், பிளேஸ்டேஷனில் மெல்லிய திரைபோல் ஊடுருவித் தெரிந்த மூடுபனியும் ஒளியும் சாட்டர்னில் புள்ளிகள் தெளித்த வலைபோல் ஆயின. பகுதி விட்டுப் பகுதி செல்கையில் காத்திருக்கும் நேரம் நீண்டது. இகராஷிக்கே அந்தப் பதிப்பு திருப்தி தரவில்லை. சமமான யந்திரத்தில் நேர்ந்த கதியே இது.

இப்போது டைகர் கம்பெனியின் யந்திரத்திற்கு வருவோம். அதன் பெயர் ‘கேம்.காம்’. இண்டர்நெட் என்னும் சொல் அமெரிக்க வீடுகளில் புதிதாக ஒலிக்கத் தொடங்கியிருந்த காலம். அந்த வாசனை பெயரிலேயே வீச வேண்டுமென்று இப்படிச் சூட்டியிருக்கிறார்கள். விலை ஏறக்குறைய 70 டாலர். திரையைச் சிறு கோலால் தொட்டு இயக்கலாம். தொலைபேசி எண்களைக் குறித்து வைக்கலாம். நாட்காட்டி உண்டு, கணக்குப் போடும் கருவி உண்டு. தனியே விற்கப்பட்ட மோடத்தை இணைத்து எழுத்து வடிவிலான இண்டர்நெட்டைக்கூட எட்டிப் பார்க்கலாம். தொடுதிரை கொண்ட கையடக்க விளையாட்டு யந்திரத்தை நிண்டெண்டோ 2004-இல் ‘டிஎஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்து உலகை வென்றது என்பதை நினைத்தால், அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் திசையில் அடியெடுத்து வைத்தவர்களுடைய துணிவை மதிக்காமல் இருக்க முடியாது. டைகர் கம்பெனியார் அதுவரை பெரும்பாலும் ஒற்றை விளையாட்டு மட்டும் பதித்த மலிவான திரைப் பொம்மைகளை விற்றுப் பழகியவர்கள். காசில்வேனியா வரிசையின் இரண்டாம் ஆக்கமும் அவர்கள் கையால் அப்படியொரு பொம்மையாகியிருந்தது. பொம்மைகளின் உலகத்திலிருந்து உண்மையான கன்சோல்களின் உலகத்திற்கு உயர வேண்டும் என்பது அவர்களுடைய அபிலாஷை.

அந்த அபிலாஷையை நிறைவேற்ற வேண்டிய உடம்போ மிகவும் மெலிந்தது. 8-பிட் சில்லு ஒன்றே மூளை. திரையில் வர்ணம் கிடையாது. கறுப்பு, வெளுப்பு, இடையே இரண்டு சாம்பல் நிறங்கள், ஆக நான்கே சாயல்கள். பின்னாலிருந்து ஒளி இல்லை. வேகமாக நகரும் உருவங்கள் தம் இடத்தை விட்டு அகன்ற பிறகும் அவற்றின் மங்கல் சிறிது நேரம் அங்கேயே தங்கி, அடுத்து வரும் உருவத்தோடு குழம்பும். பிளேஸ்டேஷனின் குறுந்தகடு 600 மெகாபைட்டுக்கு மேல் கொள்ளும். இதன் கார்ட்ரிட்ஜில் ஓரிரண்டு மெகாபைட்டே அடங்கும்.

இத்தனை குறைகளையும் அறிந்தே, அந்தக் காலத்தின் மிகப் பெரிய விளையாட்டுகளின் பெயர்களை டைகர் கம்பெனியார் ஒவ்வொன்றாக விலை கொடுத்து வாங்கினார்கள். அவற்றுள் சில உண்மையிலேயே வெளிவந்தன என்பதால், வராத கோட்டை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க நமக்கு ஆதாரம் இருக்கிறது. ‘ரெசிடெண்ட் ஈவில் 2’ வந்தது. இரண்டு நாயக நாயகியரில் லியான் மட்டும் அதில் எஞ்சினான். ‘டியூக் நியூகம் 3டி’ வந்தது. மூலத்தில் எல்லாத் திசையிலும் தாராளமாகத் திரும்பி ஓடிய வீரன், இதில் சதுரங்கக் காய்போல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடியடியாக நகர்ந்தான். ‘சோனிக் ஜாம்’ வந்தது. வேகமே உயிரான அந்த நீல நிற முள்ளெலிக்கு வேகம் போய்விட்டது. இவற்றைச் செய்தவர்களை நான் குறை கூற மாட்டேன். கொடுத்த யந்திரத்தில், கொடுத்த அவகாசத்தில், அவர்கள் பட்ட பிரயாசை அந்தத் திரைகளிலேயே தெரிகிறது. ரெசிடெண்ட் ஈவிலின் சாம்பல் நிற அறைகளில் உண்மையான ஒரு பயம் கூட உண்டு. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். வீட்டில் பிளேஸ்டேஷன் இல்லாத ஒரு சிறுவனுக்கு அந்த நான்கு சாயல் அறைகளே அக்கதை நடக்கும் ராக்கூன் நகரமாக இருந்திருக்கும், அவனுடைய கற்பனை மிச்சத்தை நிரப்பியிருக்கும்.

ஆனால் கோட்டையின் விஷயம் வேறு. சோனிக்கின் சாரம் வேகம், அதைச் சாம்பல் திரை விழுங்கிவிட்டது. டியூக்கின் சாரம் சுதந்திரமான ஓட்டம், அதைச் சில்லு தாங்கவில்லை. அலுகார்டின் கோட்டைக்குச் சாரம் எது? யமானேயின் சங்கீதமா? அதுவே என்றால், சிறு ஒலிபெருக்கியின் கீச்சுக் குரலில் அது இறந்துபோயிருக்கும். கோஜிமாவின் சித்திர பாவமா, மேலங்கியின் அசைவா, அந்த நிழலுருக்களின் தேய்வா? அவை அத்தனையும் நான்கு சாயல்களில் சேறாகியிருக்கும். நிழலுருக்களையும் திரையின் இயல்பான மங்கலையும் பிரித்தறியக் கண்ணால் இயன்றிராது. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிய பின்னும் ஒன்று மிஞ்சுகிறது என்பதே என் அபிப்பிராயம். அறைகளின் இணைப்பு, அதாவது இப்போது மூடியிருக்கும் வழி பின்னர் திறக்கும் என்னும் ஒழுங்கு, வரைபடத்தில் ஒரு சிறு கட்டம் நிரம்பும்போது நெஞ்சில் உண்டாகும் நிறைவு, தெரிந்த இடத்திற்குப் புதிய சக்தியோடு திரும்பி வரும் அனுபவம்: இவற்றுக்கு வர்ணமும் வேண்டாம், ஹார்ப்சிகார்டும் வேண்டாம். பொறுமையுள்ள ஒருவர் அறைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, உருவங்களைச் சிறிதாக்கி, தலைகீழ்க் கோட்டையை முற்றிலும் துறந்து, ஆனால் அந்த இணைப்பின் சூட்சுமத்தை மட்டும் உயிர்போல் காத்து அமைத்திருந்தால், கேம்.காமிலும் ஒரு கோட்டை எழும்பியிருக்கக் கூடும்.

அப்படிப்பட்ட பொறுமைக்கு அந்த யந்திரத்தின் ஆயுள் இடம் கொடுக்கவில்லை. அது அடைந்த விற்பனை 3 லட்சத்தைக்கூட எட்டவில்லை என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். வெளிவந்த விளையாட்டுகளும் ஏறத்தாழ இருபதே. எதிரே நின்றது நிண்டெண்டோவின் கேம் பாய். 1989 முதல் உலகெங்கும் வேரூன்றியிருந்த அந்த எளிய யந்திரம், 1998 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் போகிமான் விளையாட்டுகளால் மறு இளமை பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் வர்ணத் திரையோடு கேம் பாய் கலர் அங்கே வந்து இறங்கியது. அதே ஆண்டில் டைகர் கம்பெனியும் ஹாஸ்ப்ரோ என்னும் பெரிய பொம்மை நிறுவனத்தின் கைக்கு மாறியது. பேசும் ரோமப் பொம்மையாகிய ஃபர்பி அந்தப் பண்டிகைக் காலத்தில் அவர்களுக்குக் கொண்டுவந்த செல்வத்தின் முன்னால், தளர்ந்து நடந்த ஒரு விளையாட்டு யந்திரத்துக்கு யார் உற்சாகத்தோடு உழைப்பார்கள்? 1999-இல் சற்றுச் சிறிய வடிவில் மீண்டும் அதை விற்க முயன்று, 2000-ஆம் ஆண்டில் முற்றும் நிறுத்திவிட்டார்கள். வருமென்று சொல்லப்பட்டு வராமற்போனவற்றின் பட்டியலில் காசில்வேனியாவுக்குத் துணையாக, கொனாமியின் மற்றொரு மகத்தான ஆக்கமாகிய ‘மெட்டல் கியர் சாலிட்’ என்ற பெயரும் நின்றது.

டிராகுலாவின் கோட்டை இப்படி வாயிலிலேயே நின்றுபோனது இந்த ஒரு முறை மட்டுமன்று. சேகா தன் பழைய மெகா டிரைவ் யந்திரத்தின் மேல் பொருத்துவதற்காக 1994-இல் வெளியிட்ட ‘தர்ட்டி-டூ எக்ஸ்’ என்னும் இணைப்புக் கருவிக்கு ஒரு காசில்வேனியா தயாராகி வந்தது. கருவி விலைபோகாமல் மடியவே, கொனாமி அதைக் கைவிட்டது. அப்படிக் கைவிட்டுப் பிளேஸ்டேஷன் பக்கம் திரும்பியதால்தான் அலுகார்டின் கோட்டையே நமக்குக் கிடைத்தது. பிறகு, 1999-இல் டிரீம்காஸ்ட் என்னும் யந்திரத்திற்கென அறிவிக்கப்பட்டு, சோனியா பெல்மாண்ட், விக்டர் பெல்மாண்ட் என்னும் இருவரை நாயகராகக் கொண்ட ‘ரெசரெக்‌ஷன்’ என்னும் முப்பரிமாண ஆக்கம், மறு ஆண்டே கைவிடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 2021-இல், அதன் அரைகுறை மாதிரித் தகடு ஒன்று வெளிப்பட்டபோது, முற்றுப்பெறாத அந்தக் கூடங்களில் நடந்து பார்ப்பதற்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் ரசிகர்கள் ஓடி வந்தார்கள். முடிவில்லாத, எதிரிகள் பாதி உயிரோடு நிற்கிற அந்த அறைகளில் அவர்கள் காட்டிய சிரத்தையை நான் வீண் என்று கருதவில்லை. பலர் உழைத்த ஓர் உழைப்பு, விற்பனைக்கு வராத காரணத்தால் மாத்திரம் இல்லாததாகிவிடாது. கைவிடப்பட்ட நிரல்களையும் தகடுகளையும் தேடிக் காப்பாற்றுகிறவர்கள் ஓலைச்சுவடிகளைக் காத்தவர்களின் இனத்தைச் சேர்ந்தவர்கள்.

சிறு திரைக்குள் இந்தக் கோட்டையை அடக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை, டைகர் கம்பெனியிடமிருந்து அல்லாமல், கொனாமியின் சொந்த முயற்சிகளிலிருந்தே கிடைத்தது. அதுவும் உடனே கிடைக்கவில்லை. 1989-இல் கேம் பாயில் வந்த முதல் காசில்வேனியாவில் நாயகன் சேற்றில் நடப்பவன்போல் நடந்தான். 1991-இல் வந்த இரண்டாவது, முன்னதன் பிழைகளை உணர்ந்து, அதே நான்கு சாயல்களில் அழகிய மண்டபங்களைக் கட்டியது. அதன் சங்கீதத்தை இன்றும் ரசிக்கலாம். 1997 இறுதியில், அதாவது பிளேஸ்டேஷன் கோட்டை எழும்பிய அதே ஆண்டில், கேம் பாய்க்கு வந்த மூன்றாவது, மேற்சொன்ன சோனியாவையே முதன்முதலில் நாயகியாக நிறுத்தியது. ஆயினும் அது பழைய பாணியில் கட்டம் கட்டமாகச் செல்லும் ஆட்டமே. கோட்டை என்னும் ஒரே இடம், திரும்பி வருதல் என்னும் அந்த உயிர், இன்னும் கைக்குள் வரவில்லை.

2001-இல் கேம் பாய் அட்வான்ஸ் பிறந்தது. அதோடு கூடவே ‘சர்க்கிள் ஆஃப் தி மூன்’ என்னும் காசில்வேனியாவும் பிறந்தது. இதிலே இணைந்த அறைகளும் வரைபடமும் இருந்தன. ஆனால் ஒளியில்லாத அந்தத் திரையில் இருண்ட வர்ணங்களைத் தீட்டியிருந்தபடியால், ஜன்னலோரத்தில் வெயிலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இரவின் கோட்டையை ஆட வேண்டியிருந்தது. மறு ஆண்டில் இகராஷியின் குழு செய்த ‘ஹார்மனி ஆஃப் டிஸ்ஸொனென்ஸ்’ அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகப் பளிச்சிடும் வர்ணங்களைத் தீட்டி, நாயகனைச் சுற்றி நீலக் கோடு வரைந்து காட்டியது. சித்திரத்துக்குச் சில்லின் சக்தியைச் செலவிட்ட அளவுக்குச் சங்கீதம் மெலிந்தது. கடைசியாக 2003-இல் வந்த ‘ஏரியா ஆஃப் சாரோ’வில்தான் தராசின் இரு தட்டும் சமமாக நின்றன. 2035-ஆம் ஆண்டில் நடக்கும் அதன் கதையில், சோமா குரூஸ் என்னும் மாணவன் கோட்டைக்குள் இழுக்கப்பட்டு, தான் வீழ்த்தும் பிராணிகளின் ஆத்மாக்களைக் கவர்ந்து அவற்றின் சக்தியைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறான். யமானேயும் சங்கீதத்திற்குத் திரும்பி வந்தார். திரைக்கு ஒளி சேர்த்த அட்வான்ஸ் எஸ்பி என்னும் யந்திரமும் அதே ஆண்டில் கடைக்கு வந்தது.

இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனிக்க வேண்டுகிறேன். கேம் பாய் அட்வான்ஸ் திரையின் அகலம் 240 புள்ளிகள், உயரம் 160. கைவிடப்பட்ட கேம்.காமின் திரை அகலம் 200, உயரம் அதே 160. உயரம் சற்றும் வேறுபடாத இரண்டு திரைகளில், ஒன்றில் கோட்டை வரவே இல்லை, மற்றொன்றில் அது தன் முழு எழிலோடு குடியேறியது. வர்ணமும் சில்லின் வலிமையும் வேறுபட்டன என்பது மெய்தான். ஆனால் அவை மட்டும் காரணம் அல்ல. பிளேஸ்டேஷனில் ஏற்கெனவே கட்டி முடித்த ஒன்றைக் குறைத்துத் திணிக்க நினைத்தார்கள் டைகர் கம்பெனியார். கொனாமியாரோ அந்தச் சிறிய திரையை அளந்து, அதில் நாயகன் எத்தனை உயரம் நிற்கலாம், ஓர் அறை எவ்வளவு அகலம் இருந்தால் கண்ணுக்குப் புரியும், பேருந்துப் பிரயாணத்தின் இடையே எங்கே நிறுத்திவிட்டு எழுந்திருக்கலாம் என்பதையெல்லாம் புதிதாக எண்ணி, அந்தத் திரைக்கென்றே வேறொரு கோட்டையைக் கட்டினார்கள். மெட்டல் கியரின் கதையும் இதுவே: 2000-ஆம் ஆண்டில் கேம் பாய் கலருக்கு வந்த அந்தப் பெயருடைய ஆக்கம், பிளேஸ்டேஷன் விளையாட்டின் சுருக்கமாக இல்லாமல், மேலிருந்து பார்க்கும் பழைய பாணியில் புதிய கதையோடு செய்யப்பட்டு, இன்றளவும் போற்றப்படுகிறது.

அப்படியானால் மூலக் கோட்டையை அப்படியே மாற்றிக் கொண்டுபோவது பாவமா என்று கேட்கலாம். இல்லை, தாங்கத்தக்க யந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவே. 2007-இல் எக்ஸ்பாக்ஸ் 360-இல் இணையம் வழியே அதை விற்க முற்பட்டபோது, அந்தக் கடையில் ஒரு விளையாட்டுக்கு 50 மெகாபைட்டு என்று இருந்த வரம்பை இந்த ஒன்றுக்காகத் தளர்த்தினார்கள்; அப்படியும் சலனக் காட்சிகளை வெட்டியே வெளியிட வேண்டியிருந்தது. அதே ஆண்டில் சோனியின் கையடக்க யந்திரமாகிய பிஎஸ்பியில் வேறொரு ஆக்கத்தின் உள்ளே மறைந்திருந்த பரிசாக அது வந்தது. கோட்டை முழுவதுமாக மனிதனின் கைக்குள் வந்தது அப்போதுதான். 2020 மார்ச்சில் சாதாரண செல்போனுக்கே வந்துவிட்டது. கண்ணாடித் திரையில் விரலால் அலுகார்டைத் தாவச் செய்வது பட்டன்களுக்கு ஈடாகாது என்றாலும், சங்கீதமும் வர்ணமும் தலைகீழ்க் கோட்டையும் குறைவின்றி அதில் இருக்கின்றன.

இகராஷி 2014-இல் கொனாமியை விட்டு விலகி, மறு ஆண்டு பொதுமக்களிடம் நேரடியாகப் பணம் திரட்டி, 55 லட்சம் டாலருக்கு மேல் பெற்று, ‘பிளட்ஸ்டெயின்ட்’ என்னும் தம் சொந்தக் கோட்டையை எழுப்பத் தொடங்கினார். அதிலும் பழைய வினை தொடர்ந்தது. வீ யூ, பிளேஸ்டேஷன் வீட்டா ஆகிய யந்திரங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த பதிப்புகள், அந்த யந்திரங்களின் காலம் முடிந்துபோனதால் இரத்தாயின. ஆனால் இம்முறை பணம் கொடுத்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்லி, வேறு யந்திரத்துக்குரிய பிரதியை மாற்றிப் பெற்றுக்கொள்ளும் வழியும் செய்தார்கள். 2019 ஜூன் மாதத்தில் விளையாட்டு வெளிவந்தபோது, நிண்டெண்டோ ஸ்விட்ச் யந்திரத்துக்குரிய பதிப்பு மட்டும் தடுமாறித் தடுமாறி ஓடியது. பிறகு பல திருத்தங்களால் அதைத் தேற்றினார்கள்.

கேம் பாய் அட்வான்ஸின் மூன்று கோட்டைகளையும் ஒன்றாகச் சேர்த்து 2021-இல் கொனாமி ஒரு தொகுப்பாக இன்றைய யந்திரங்களுக்கு வெளியிட்டிருக்கிறது. இந்த வகை விளையாட்டை ஒருபோதும் தொட்டிராத வாசகர் யாரேனும் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், பிளேஸ்டேஷன் கோட்டையின் விஸ்தாரத்துக்குள் நேரே இறங்காமல், அந்தத் தொகுப்பில் உள்ள ‘ஏரியா ஆஃப் சாரோ’வை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அதை முடித்த பிறகு அலுகார்டின் கோட்டைக்குப் போகலாம். அங்கே மரணதேவன் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டதும் மனம் தளர்ந்து நிறுத்திவிட வேண்டாம், நூல்நிலையத்து வயோதிகரைக் கண்டு வரைபடத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு மேலே நடக்கவும்.